256 பைட்டில் ஒரு பிரிமொழிச் சிலேடை

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் கடைசி முத்துக்குளிப்பு 1961ல் நடந்தது. தூத்துக்குடிக் கரையில் முத்து வாங்கி விற்ற காலமெல்லாம் வியாபாரிகள் முதலில் எடுத்தது பித்தளைச் சல்லடைகளைத்தான். ஒரு தொகுதிக்குப் பத்துச் சல்லடை. முதலாவதில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். குவியலை வரிசையாகச் சலித்தால் எந்தச் சல்லடையில் தங்குகிறதோ அந்த எண்தான் முத்தின் வகுப்பு. எதிலும் தங்காமல் நழுவுவது தூள். உருட்சி, நிறம், நீரோட்டம் என்று நயம் பார்க்கும் பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கும். முதலில் அளவு, பிறகு அழகு.

இதே ஒழுங்கை வைத்திருக்கும் இன்னொரு கலை பழைய வீட்டுக் கணினிகளில் பிறந்தது. டெமோசீன் என்று பெயர். 1980களில் ஐரோப்பிய இளைஞர்கள் கமடோர் 64, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் போன்ற கணினிகளுக்கு வந்த விளையாட்டுகளின் பூட்டை உடைத்து, கேசட்டிலும் ஃபிளாப்பியிலும் நகலெடுத்துக் கைமாற்றினார்கள். உடைத்தது எங்கள் குழு என்று சொல்லிக்கொள்ள, விளையாட்டின் முகப்பில் ஒரு சின்ன நிரலை ஒட்டினார்கள். குழுவின் பெயர் நிறம் மாறி அலைபோல் ஆடும், அடியில் நண்பர்களுக்கு வணக்கம் சொல்லும் வரி ஓடும், கூடவே இசை. அதுதான் இன்ட்ரோ. சில ஆண்டுகளில் விளையாட்டு உதிர்ந்துபோய் முகப்பு மட்டும் கலையாக நின்றது. 1992 முதல் பின்லாந்தில் அசெம்ப்ளி, 2011 முதல் ஜெர்மனியின் சார்புருக்கன் நகரில் ஈஸ்டர் விடுமுறையில் ரிவிஷன் என்று இதற்கென்றே கூட்டங்களும் போட்டிகளும் நடக்கின்றன. 2020ல் பின்லாந்தும் 2021ல் ஜெர்மனியும் தங்கள் வாழும் மரபுகளின் பட்டியலில் டெமோசீனைச் சேர்த்துக்கொண்டன.

அங்கும் சல்லடை உண்டு. 64 கே என்றால் 65,536 பைட்டுக்குள் முடிய வேண்டும். 4 கே என்றால் 4,096. அதற்கும் கீழே 256 பைட். ஒரு பைட் மிஞ்சினாலும் அந்த வகுப்பில் இடமில்லை. முத்துச் சந்தையில் பருத்ததுக்கு விலை. இங்கே சிறுத்ததுக்கு மரியாதை.

256 பைட் என்றால் எவ்வளவு? இன்றைய கணினி, கைபேசி எழுத்து முறையில் ‘தூத்துக்குடி’ என்று தட்டினால் 36 பைட் ஆகிறது. அந்தப் பெயரை இடைவெளி விடாமல் ஏழு முறை எழுதினால் 252. எட்டாவது முறை ‘தூ’வை எழுதி முடிப்பதற்குள் இடம் தீர்ந்துவிடும். அந்த இடத்துக்குள், ஸ்வீடனைச் சேர்ந்த லீனஸ் ஓகேசன் கமடோர் 64க்கு ஒரு முழு நிகழ்ச்சியை எழுதினார். அதன் பெயர் ‘எ மைண்ட் இஸ் பார்ன்’. 2017 ரிவிஷனில் பழைய கணினிகளுக்கான 4 கே போட்டியில் முதலிடம் பெற்றது. அனுமதித்த அளவில் பதினாறில் ஒரு பங்கைத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

முதல் முறை எதையும் தெரிந்துகொள்ளாமல் பார்ப்பதே நல்லது. கனத்த தாளம் எழுகிறது, அதன்மேல் ஒரு மெட்டு அலைகிறது, திரையில் உருவங்கள் கிளைத்துக் கிளைத்து மாறுகின்றன. இரண்டே கால் நிமிடம் ஓடுகிறது. இரண்டாம் முறை கணக்கோடு பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் இன்பம் அப்போதுதான் பெருகுகிறது.

தாளத்தை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 112.5 அடி. ஏன் அந்த அரை? கமடோர் 64ஐ இயக்கியவுடனேயே அதற்குள் ஒரு கடிகாரம் நொடிக்கு 60 முறை மணியடிக்கத் தொடங்கிவிடுகிறது. அந்த 60ஐ 32ஆல் வகுத்தால் நொடிக்கு 1.875 அடி, நிமிடத்துக்கு 112.5. இரும எண்ணில் எண்ணும் கணினிக்கு 32 என்பது விரல்விட்டு அறியும் எண். எண்ணிக்கையின் ஒரு பிட் புரளும்போதே அடி விழுந்துவிட்டது என்று தெரிந்துவிடும். 120 என்று அழகான முழு எண்ணைப் பிடித்திருந்தால் வகுப்பதற்குத் தனியாகப் பைட் செலவழித்திருக்க வேண்டும். இசைஞர் கணினியை மதித்துத் தன் காலப்பிரமாணத்தைச் சற்றே நகர்த்தியிருக்கிறார். கேட்பவர் காதில் அது சமரசமாக விழுவதே இல்லை. அந்தப் பாட்டின் நடையே அதுதான் என்று தோன்றுகிறது. மொத்தம் 64 தாளவட்டம், வட்டத்துக்கு நாலு அடி. பெருக்கினால் 256 அடி. பைட்டுக்கு ஓர் அடி வீதம் விழுகிறது.

மெட்டு எங்கே இருக்கிறது? எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஓர் எண்ணை ஒரு பிட் தள்ளு. விளிம்பில் விழுவது 1 என்றால் மிச்சத்தைக் குறிப்பிட்ட வாய்பாட்டின்படி புரட்டு. 0 என்றால் அப்படியே விடு. இந்த ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் செய்தால், எட்டு பிட் எண் ஒன்று 255 வெவ்வேறு மதிப்புகளைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தை அடையும்படி அமைக்கலாம். குலுக்கல் போலத் தோன்றும், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே குலுக்கல். அதிலிருந்து கிடைக்கும் எண்களைச் சில சுரங்களில் ஏற்றினால் மெட்டு. விதை எண்ணும் வாய்பாடும் மாறினால் பாட்டும் மாறும். ஆகவே இங்கே இசையமைப்பு என்பது விதைகளைப் போட்டுப் போட்டுக் கேட்டு, பாடும் விதையைக் கண்டெடுப்பது. எது பாடுகிறது என்று கண்டுகொண்டது மனிதக் காது. சிக்கனத்தைவிட நான் அந்தக் காதைத்தான் அதிகம் மெச்சுவேன்.

சிக்கனத்தின் உச்சம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளத் தமிழ் படித்தவர்களுக்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. காளமேகப் புலவர் ஒரே வெண்பாவைப் பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் பொருந்தச் சொன்னார். தண்டியலங்காரம் சிலேடையை இரண்டாகப் பிரிக்கும். சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவது செம்மொழிச் சிலேடை. வேறு வேறு இடத்தில் பிரித்தால் வேறு வேறு பொருள் தருவது பிரிமொழிச் சிலேடை. கமடோரின் 6510 சிப்பில், அதன் மூலமான 6502ன் பரம்பரை முழுவதிலும், பிரிமொழிச் சிலேடை அன்றாடம் புழங்கும் கைவேலை.

ஐந்து எண்கள்: 162, 1, 44, 162, 2. நினைவகத்தில் ஐந்து பைட். சிப் முதல் எண்ணிலிருந்து படித்தால், 162 என்பது ‘எக்ஸ் என்ற பெட்டியில் அடுத்த எண்ணைப் போடு’ என்ற கட்டளை. பெட்டியில் 1 விழுகிறது. அடுத்து 44. இதற்கு ‘அடுத்த இரண்டு பைட்டும் ஒரு முகவரி, அந்த இடத்தை எட்டிப் பார்’ என்று பொருள். ஆக 162ம் 2ம் சேர்ந்து 674 என்ற முகவரியாகிவிடுகின்றன. சிப் அந்த இடத்தைப் பார்க்கிறது, பெட்டியைத் தொடாமல் கடந்து போகிறது. எக்ஸில் 1. இப்போது நிரலின் வேறொரு மூலையிலிருந்து நேரே நாலாவது எண்ணுக்குத் தாவினால்? அதே 162 மறுபடியும் கட்டளையாகிறது, 2 பெட்டியில் விழுகிறது. எக்ஸில் 2. முதல் வாசிப்பில் வெறும் முகவரியாக ஒடுங்கிக் கிடந்த இரு எண்கள், இரண்டாம் வாசிப்பில் எழுந்து வேலை செய்கின்றன. எழுத்து ஒன்று, பிரிப்பு இரண்டு, பொருள் இரண்டு. நேர்வழியில் எழுதினால் நடுவில் தாண்டிப் போகச் சொல்லும் கட்டளைக்கு இரண்டு அல்லது மூன்று பைட் வேண்டும். 44 என்ற ஒற்றை எண் அதைச் செய்துவிடுகிறது. மிச்சம் ஒன்றிரண்டு பைட்தான். ஆனால் 256ல் ஒன்றிரண்டு என்பது வெண்பாவில் ஓர் அசை.

இந்தத் தந்திரத்தை இன்று யாரும் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்வதில்லை. பழைய நிரலாளர் எல்லாருக்கும் தெரியும். சிலேடையும் அப்படித்தான், இலக்கணம் எல்லாருக்கும் பொது. எந்த இடத்தில், எவ்வளவு இயல்பாக அது வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் கவி தெரிகிறது.

கமடோர் 64 வெளிவந்தது 1982ல். அதன் ஒலிச் சிப்பை வடிவமைத்த பாப் யானஸ் அதில் மூன்றே குரல்களை வைத்தார். காட்சிச் சிப்போ ஓயாமல் மேலிருந்து கீழாக வரி வரியாகத் திரையை வரைந்துகொண்டே இருக்கிறது. ஐரோப்பியக் கணினிகளில் ஒரு படத்துக்கு 312 வரி, வரிக்கு 63 கடிகாரத் துடிப்பு, நொடிக்கு 50 படம். ஒரு படத்துக்குள் நிரலாளருக்குக் கிடைப்பது 19,656 துடிப்பு. அதிலும் எழுத்துத் திரையில் எட்டு வரிக்கு ஒரு முறை காட்சிச் சிப் தன் தேவைக்கு 40 துடிப்பைப் பறித்துக்கொள்ளும். அந்த வரியில் மிஞ்சுவது 23. இந்தக் கணக்கை உடம்பில் ஏற்றிக்கொண்டவர்கள்தான் அடுத்துச் சொல்லப்போகும் காரியத்தைச் செய்தார்கள்.

திரையின் நாலு பக்கமும் ஒரு கரை உண்டு. வெறும் நிறம் மட்டும் காட்டும் இடம். அங்கே எதையும் வரைய வழியில்லை என்றுதான் கையேடு நினைத்தது. படப்பகுதியைச் சிப் 25 வரிசை எழுத்தாகவும் காட்டும், 24 வரிசையாகவும் காட்டும். 24 என்றால் கீழ்க்கரை 247ம் வரியில் தொடங்க வேண்டும். 25 என்றால் 251ல். வரைந்துகொண்டே வரும் சிப் ஒவ்வொரு வாசலிலும் ‘இங்கே கரை தொடங்க வேண்டுமா’ என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கும். இப்போது கவனியுங்கள். 247ஐக் கடக்கும்போது 25 வரிசை என்றே இருக்கட்டும், கரை தொடங்காது. 248க்கும் 250க்கும் இடையே, அந்த மூன்று வரி நேரத்துக்குள், 24 வரிசை என்று மாற்றிவிடுங்கள். 251க்கு வந்த சிப் பார்க்கிறது: 24 வரிசையாம், அதற்கான வாசல் முன்பே போய்விட்டதே. இங்கேயும் கரை தொடங்காது. இரண்டு வாசலையும் ஏமாற்றித் தாண்டியாயிற்று. மேலும் கீழும் கரையே இல்லாமல் திரை திறந்துகொள்கிறது. அங்கே ஸ்ப்ரைட் என்னும் சிறு உருவங்கள் நீந்தலாம், வணக்க வரிகள் ஓடலாம்.

இன்னொரு நுட்பம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. திறந்த அந்த இடத்தில் சிப்புக்கு வரைய எதுவும் கொடுக்கப்படவில்லை. ஆனாலும் பழக்கம் விடாமல் எதையாவது எடுத்து வரைகிறது. எதை? வழக்கமான அமைப்பில், நினைவகத்தின் 16,383ம் இடத்தில் இருக்கும் ஒற்றை பைட்டை. அதில் என்ன பிட் கோலம் இருக்கிறதோ அது கரை முழுக்கக் கோடு கோடாகத் திரும்பத் திரும்ப விழும். கவனமில்லாதவர் திறந்த கரையில் அழுக்குக் கோடுகள் தெரியும். கவனமுள்ளவர் அங்கே சுழியம் வைத்துத் துடைத்திருப்பார். கலைஞர் அந்த பைட்டை வரிக்கு வரி மாற்றி, ஒரு பைட்டாலேயே அலையும் தூண்களை எழுப்பியிருப்பார். ஓர் இன்ட்ரோவைப் பார்க்கும்போது கண் முதலில் அந்தக் கரைக்குப் போனால், நீங்கள் நயம் பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

ஸ்பெக்ட்ரத்தின் கஷ்டம் வேறு. படத்துக்கு 6,144 பைட், நிறத்துக்கு 768 பைட். எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட கட்டத்துக்கு இரண்டே நிறம். சிவப்புப் பறவை பச்சை மரத்தை ஒட்டிப் பறந்தால் சிறகின் ஓரத்தில் மரத்தின் நிறம் ஒட்டிக்கொள்ளும். ஒலிக்கோ ஒற்றை பிட்; ஸ்பீக்கரைத் தள்ளலாம், விடலாம், அவ்வளவுதான். அந்த ஒற்றை பிட்டை மிக வேகமாகத் தட்டித் தட்டிப் பல குரல்களை ஒருசேரப் பாட வைத்தார் டிம் ஃபாலின். 1987ல் வந்த ‘க்ரோனோஸ்’ விளையாட்டின் முகப்பிசையைக் கேட்டால் அது ஒரே பிட் என்று நம்பவே முடியாது. இந்த ஸ்பெக்ட்ரம் இந்தியாவுக்கும் வந்தது. டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் உரிமம் பெற்று 1986ல் ‘டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்’ என்று விற்றது. பள்ளிகளுக்கு வந்தது பிபிசி மைக்ரோ என்ற கணினி, 1984ல் தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் வழியாக. கணினி வகுப்பு என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போன தலைமுறைக்கு அந்தக் கறுப்புத் திரை நினைவிருக்கும்.

சின்ன விதியிலிருந்து பெரிய படத்தை எழுப்பும் வேலையைத் தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே ஏட்டில் செய்தவர்கள் உண்டு. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து 1974ல் ‘அரே கிராமர்ஸ் அண்ட் கோலம்’ என்ற ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோலப் படத்துக்கும் இலக்கணம் எழுதலாம்; ஒரு குறியில் தொடங்கி, விதிப்படி அதைப் பெரிய அடுக்குகளால் மாற்றிக்கொண்டே போனால் வாசலில் போடும் கோலம் வந்து நிற்கும் என்று அதில் காட்டினார்கள். பிறகு கம்பிக் கோலத்துக்கும் அதன் முடியாமல் சுற்றும் கோட்டுக்கும் இலக்கணம் தேடினார்கள். கணினி வரைகலையில் செடிகளை விதியால் வளர்த்துக் காட்டிய புரூசின்கியேவிச்சும் பாம்புக் கோலத்தைத் தன் விதிகளால் வரைந்து காட்டினார். கோலத்தைக் கணினி அறிவியலுக்குள் அழைத்து வந்தவர்கள் தாம்பரத்தார் என்பதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

கோலத்தின் இலக்கணத்தை அவர்கள் எங்கே கண்டார்கள் என்பதற்கு மார்கழி மாத இதழ் ஒன்றைப் புரட்டினால் போதும். படத்துக்கு அடியில் சின்னதாக: ‘15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி’. இவ்வளவுதான் குறிப்பு. நடுவரிசையில் 15 வை. மேலும் கீழும் முந்திய வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக ஒவ்வொன்று குறைத்து வை. 8 வந்ததும் நிறுத்து. 15 வரிசை, 169 புள்ளி, ஓர் அறுகோணம். இதையே ‘15 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி’ என்று மாற்றுங்கள். புள்ளிக்கு நேராகப் புள்ளி, வரிசைக்கு இரண்டாகக் குறைந்து 15, 13, 11 என்று போய் 113 புள்ளியில் ஒரு சாய்சதுரம். இரண்டு எண், ஒரு சொல். தெருவிலிருக்கும் எந்தப் பெண்ணும் அந்தக் குறிப்பைப் படித்துப் பிழையின்றி இயக்குவார். புள்ளி வைத்த பிறகு கை என்ன செய்கிறது என்றும் பாருங்கள். ஒரு மூலையில் போட்ட வளைவைக் கை அறிந்துகொள்கிறது. உடம்பு நகர்ந்து அடுத்த மூலைக்குப் போய் அதையே போடுகிறது. இன்ட்ரோ எழுதுபவர் திரையின் கால் பகுதியை மட்டும் கணக்கிட்டு மிச்சத்தைக் கண்ணாடியில் காட்டுவதும் இதே சிக்கனம்தான். சமச்சீர் என்பது இரண்டு இடத்திலும் மலிவாகக் கிடைக்கும் செல்வம்.

அந்த 15-8 குறிப்பைப் பழைய பிபிசி மைக்ரோவில் போட்டுப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் ஏழாம் திரைமுறை டெலிடெக்ஸ்ட் என்னும் எழுத்துத் திரை: 40 பத்தி, 25 வரிசை, மொத்தம் 1,000 பைட். வரிசை எண்ணை -7 முதல் 7 வரை ஓட்டுங்கள். குறியை நீக்கிவிட்டு அந்த எண்ணை 15லிருந்து கழித்தால் அந்த வரிசையின் புள்ளிக் கணக்கு. அதே எண்தான் இடப்பக்கம் விட வேண்டிய இடமும். புள்ளிக்குப் புள்ளி இரண்டு பத்தி. ஒரே எண் இரண்டு வேலையையும் செய்துவிடுகிறது. அகலம் 29 பத்தி, உயரம் 15 வரிசை. திரைக்குள் தாராளமாக அடங்கும். எழுத்துக் கட்டத்தின் விகிதத்தால் அறுகோணம் மேலும் கீழும் சற்று நசுங்கித் தெரியும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நிறம்? டெலிடெக்ஸ்டில் நிறத்தை மாற்றும் குறியீடு தானே ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும், அந்தக் கட்டம் வெறுமையாக நிற்கும். அடர்த்தியாகப் படம் வரைபவர்களை அந்த வெற்றுக்கட்டம் படுத்தி எடுக்கும். கோலத்திலோ புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு கட்டம் ஏற்கெனவே காலியாக இருக்கிறது. குறியீட்டை அந்த இடைவெளியில் வைத்துவிடலாம். இடப்பக்க ஓரத்தில் ஒரே ஒரு பத்தியை மட்டும் கூடுதலாக விட்டால் முதல் புள்ளிக்கும் இடம் கிடைத்துவிடும், 30 பத்தி. 169 புள்ளியும் ஏழு நிறங்களில் தனக்குப் பிடித்ததைத் தானே எடுத்துக்கொள்ள, எந்தப் புள்ளியின் நிறமும் பக்கத்துப் புள்ளியில் ஒட்டுவதில்லை.